பதினைந்தாவது பாட்டு

காரைக் கழுவி முடித்து உள்ளே தூசி தட்டும்போதுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பாட்டுப்பெட்டியிலிருந்த டிஸ்க்கை வெளியே எடுத்தார். துடைக்கலாம் என்று திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அடிப்பக்கம் வெளிறிய பச்சையாக மின்னியது. அவர் எழுதிய டிஸ்க்குகளுக்கெல்லாம் அடிப்பக்கம் கருஞ்சாம்பல். இருபது வருஷமாக லென்ஸ் தேய்க்கிற கண், நிறத்தில் ஏமாறாது. மேலே 'கார் – 9' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்தைப் பார்த்து யாரோ அதேபோல எழுதியது.

கார் பழசு, அதிலிருந்த பாட்டுப்பெட்டி அதைவிடப் பழசு. ஆபீசுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் மனைவி பேச்சுத்துணை இல்லாமல் ஓட்டுகிறாளே என்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளுக்குப் பிடித்த பதினான்கு பாட்டுகளை டிஸ்க்கில் எழுதி, கைப்பட எழுதிய பட்டியலோடு கொடுத்தார். பெட்டி துப்பியது. எட்டு முறை எழுதினார், எட்டையும் துப்பியது. பிடித்தால் குரங்குப்பிடி என்கிற ஆள் அவர். ஒன்பதாவதைக் கொண்டுபோன அன்று அவள் வந்து, "இன்னைக்குப் பாடிடுச்சுங்க" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குக் கண் சோதிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரு மாதமாகத் தம்பட்டம்தான்.

அந்த டிஸ்க்கையும் பெட்டி துப்பிய ஒன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்தெருவில் இருந்த ரேடியோ மெக்கானிக்கிடம் போய்க் காட்டினார்.

"நீங்க வாங்குறது அழிச்சு அழிச்சு எழுதுற டிஸ்க், சார். உங்க செட்டுக்கு அது கண்ணுலயே படாது. இது ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். அவசரப்படாம எழுதியிருக்காங்க. விஷயம் தெரிஞ்ச கை. யாரு எழுதினது?"

"நான்தான்" என்றார் கூசாமல். சொன்ன பிறகுதான் காது சுட்டது.

வீடு வரும் வரைக்கும் அந்த 'விஷயம் தெரிஞ்ச கை' கூடவே வந்தது. ஆணா, பெண்ணா, ஆபீசா, வேறெங்காவதா? கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் மனைவி ஒரு பொய் சொல்லி அவர் கண்டதில்லை. அவரிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அது போய்விடுமோ என்று நடையை எட்டிப் போட்டார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கார்ல பாடுற டிஸ்க், நான் எழுதினதுதானே?"

"பின்ன, வேற யாரு எழுதுவா?" தலை நிமிரவில்லை. ஏற்கனவே மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

அவர் வெளியே வந்தார். காரில் உட்கார்ந்து டிஸ்க்கைத் தள்ளினார். பெட்டி சமர்த்தாக வாங்கிக்கொண்டது. முதல் பாட்டு அவர் தேர்ந்தெடுத்தது. இரண்டாவதும் அப்படியே. வரிசைகூட மாறவில்லை. அப்படியென்றால் அவர் கையால் எழுதிய பட்டியலை அவள் யாரிடமோ காட்டியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு டிஸ்க் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பாள். இல்லை, சிரிக்காமல் சொல்லியிருந்தால்? அது இன்னும் மோசம் என்று பட்டது. அவர் மனசு கோணக்கூடாது என்று செய்திருக்கலாம் என்ற நினைப்பும் வந்தது. வந்த வேகத்தில் அதையும் நம்ப முடியாமல் போனது. பாட்டு தன்னுடையது, பொறுமை எவனுடையதோ.

ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி அழுத்தினார். பதினான்காவது பாட்டை மட்டும் கடைசி வரை ஓடவிட்டார். அது முடிந்தும் பெட்டி நிற்கவில்லை. சின்னச் சதுரத்தில் 15 என்று ஒளிர்ந்தது.

அவர் பதினைந்து எழுதவே இல்லை.

சத்தம் இல்லை. லேசான இரைச்சல் மட்டும். அப்புறம் யாரோ பேசப் போவதுபோல மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர் விரல் தானாகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது.

பக்கத்துக் கதவு திறந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். ஒளிர்கிற எண்ணைப் பார்த்தாள்.

"பதினஞ்சு வரைக்கும் வந்துட்டீங்களா?"

அந்தக் குரலில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. கார் எங்கேயும் போகப் போவதில்லை. ஆனாலும் அவள் பெல்ட்டை இழுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.