விழித்திரைக்கு அடியில்

காலடிகள் வளைந்து வளைந்து வருகின்றன, வெறுங்காலின் சத்தம், இடது பாதத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பவள் கோமு, அதனால் அது தங்கையின் நடைதான் என்று சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வடிவுக்குத் தெரிகிறது, வேறு எதுவும் தெரியவில்லை, மதுரையில் அந்தக் கண் ஆராய்ச்சி நிலையத்தின் நீளமான கூடத்தில் விளக்கை அந்தி மசங்கும் அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள், தரையில் அம்புக்குறிகளை ஒட்டியிருக்கிறார்களாம், வழியில் கட்டைகளும் தொங்கும் பந்துகளும் ஒரு சின்னப் படியும் உண்டாம், ஊசி போடுவதற்கு முன்னால் இதே கூடத்தில் முதல் கட்டையிலேயே முட்டிக்கொண்டு அழுதவள் இப்போது பந்துக்குக் குனிகிறாள் போலிருக்கிறது, சேலை உரசுகிறது, படியில் ஏறுகிறாள், இறங்குகிறாள், இடறட்டும் என்று வடிவு நினைத்தாள், நினைத்தது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது, ஆனாலும் மறுபடி நினைத்தாள், ஒரே ஒரு தடவை இடறட்டும்.

இருட்டு அவர்கள் இருவருக்கும் சமமாகப் பங்கு வைத்த சொத்தாக இருந்தது. அம்மா தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள், சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு நடக்கிற கல்யாணம்தான், இரண்டு பேர் உடம்பிலும் ஒளிந்திருந்த ஒரே குறை ஒன்றாகச் சேர்ந்து இரண்டு பெண்களின் கண்ணிலும் வந்து உட்கார்ந்துகொண்டது, உச்சி வெயிலில் ஆட்கள் தண்ணீரில் கரைத்த மாவைப் போலத் தெரிவார்கள், பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை இருட்டிவிட்டால் வடிவு முன்னால் நடப்பாள், கோமு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள், யக்கா பள்ளம் இருக்கா, இல்லட்டி, நான் கால வச்ச இடத்துல வையி, அப்படித்தான் வளர்ந்தார்கள், அப்படித்தான் அப்பாவும் அம்மாவும் போன பிறகும் அந்த வீட்டில் இருந்தார்கள், தறிக்காரரிடமிருந்து வரும் சேலைகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக் கொடுத்தார்கள், கரை எது உடல் எது என்று நான்கு கைகளுக்கும் தெரியும், கண்ணைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதேயில்லை, பேச என்ன இருக்கிறது, அக்காவுக்கு இல்லாதது தங்கைக்கும் இல்லை.

மதுரைக் கண் நிலையத்து டாக்டர் ரெஜினாதான் அதைப் பேச்சாக்கினார். உங்க விழித்திரை சாகலம்மா என்றார், வெளிச்சம் வந்து கதவத் தட்டுது, உள்ள ஆள் உசுரோடதான் இருக்காங்க, எந்திரிச்சு வந்து திறக்கத்தான் தெம்பில்ல, அவங்களுக்குக் கஞ்சி ஊத்துற மரபணு உங்க ரெண்டு பேருக்கும் பழுது, நல்ல மரபணுவ விழித்திரைக்கு அடியில ஒரு ஊசியால வச்சுப் பாக்கப் போறோம், இது ஆராய்ச்சி, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். யாருக்கு முதலில் என்பதைக் கம்ப்யூட்டர் பிரிக்கும், பாதிப் பேருக்கு இப்போது, மீதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்து, அப்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட முடியும், இதில் சிபாரிசு செல்லாது. கம்ப்யூட்டர் கோமுவை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வருசத்துல எங் கண்ணுக்குள்ள உசுரோட இருக்கது செத்துப் போச்சுன்னா என்று வடிவு கேட்டாள், டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர், நடக்கலாம்மா என்றார். திரும்பும் பஸ்ஸில் கோமு அவள் கையைப் பிடித்தாள், யக்கா எனக்கு வேண்டாம், உனக்கே போடச் சொல்லுவமா, வடிவு கையை உருவிக்கொண்டு சொன்னாள், கூறு கெட்டவளே, எல்லாம் சட்டப்படிதான் நடக்கும், பேசாம வா. சொன்னது நல்ல அக்கா. உள்ளே இருந்தவள் வேறு, அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள், அப்ப என்னை எதுக்கு வச்சிருக்கு, இவ எம்புட்டுப் பாக்கான்னு அளக்கதுக்கா.

ஊசி போட்ட கண்ணின் கட்டைப் பிரித்துச் சில வாரங்கள் போயிருக்கும், ஒரு அந்தியில் மடித்த சேலையைக் கீழே போட்டுவிட்டு கோமு யக்கா என்று கத்துகிறாள், செவுத்துல பல்லி ஓடுது, பல்லி ஓடுதுக்கா, வடிவுக்குப் பல்லி என்றால் உச்சுக்கொட்டும் ஒரு சத்தம், அது ஓடுவது எப்படி இருக்கும், சந்தோசம்ட்டி என்று சொன்னாள், சொன்ன வாய் கசந்தது. பிறகு தினமும் ஒன்று வந்தது, உலைப்பானை மேலே ஆவி சுருண்டு போகிறது, தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறக்கிறது, ஒருநாள் கோமு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முக்காலி மேல் ஏறிவிட்டாள், மூலை பூராவும் ஒட்டடக்கா, எம்புட்டு அழுக்கா இருந்திருக்கோம் பாரு, அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், வடிவுக்கு மேலெல்லாம் எரிந்தது, அத்தனை வருஷம் கையால் தடவித் தடவி அவள் சுத்தமாக வைத்திருந்த வீடு அது, கைக்கு எட்டாத உயரத்தில் அவளைக் கேலி செய்துகொண்டு இத்தனை காலம் ஒட்டடை தொங்கியிருக்கிறது, அதை இவள் பார்த்துவிட்டாள். அன்றைக்கே கோமு பொழுது சாய்ந்த பிறகு தனியாகக் கோயிலுக்குக் கிளம்பினாள், நீயும் வாயேன்க்கா, நான் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன் என்கிறாள், பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். வடிவு போகவில்லை, வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்த் தண்ணீர் அண்டாவை இழுத்து வீட்டு நடையின் நடுவில் வைத்தாள், விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்திருந்தாள். கதவு திறந்தது, காலடிகள் வந்தன, நின்றன, சுற்றிக்கொண்டு போயின, இத யாரு இங்ஙன வச்சது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கோமு அண்டாவை நகர்த்தி அதன் இடத்தில் வைப்பது கேட்டது, வீட்டில் இருப்பது இரண்டே பேர், யார் என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூடம், இந்தப் பெஞ்சு, கடைசித் திருப்பத்துக்கு வந்துவிட்ட இந்தக் காலடிகள், கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் கோமுவின் மூச்சு, திடீரென்று கட்டை உருளும் சத்தம், தொப்பென்று ஆள் விழும் சத்தம், அய்யோ என்று டாக்டர் ஓடுகிறார், அந்த நொடியில் வடிவின் நெஞ்சுக்குள் இத்தனை மாதம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்து கொடுத்தது, வெயிலில் அலைந்து வந்து பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாற்போல, அவ்வளவு சுகம். அடி பட்டுச்சாட்டி என்று பிறகுதான் கேட்டாள். ஒண்ணுமில்லக்கா என்றாள் கோமு, குரல் எங்கேயோ போயிருந்தது.

திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டியது. கோமு மெதுவாக, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல, நான் கட்டையப் பாக்காம விழலக்கா, திருப்பத்துல உம் மொகம் தெரிஞ்சுது, இந்த மங்கல்ல அக்கா மொகத்தப் பாக்கேனேன்னு நின்னேன், அதுலதான் கால் இடறிட்டு, விழுந்து நிமிந்து பாக்கேன், நீ சிரிச்சுக்கிட்டிருக்க. நான் எங்கட்டி சிரிச்சேன் என்றாள் வடிவு. பல்லு தெரிஞ்சுதுக்கா என்றாள் கோமு.

முகம் என்பது உள்ளே இருக்கிற ஒன்று என்றுதான் வடிவு அதுவரை நினைத்திருந்தாள், குரலை அடக்கத் தெரியும், கையை அடக்கத் தெரியும், முகத்தை அடக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் யார் கண்ணுக்கும் அது தெரிந்ததில்லை, உள்ளே நினைத்ததெல்லாம் வெளியே தோலில் எழுதிக்கொண்டு அவள் இத்தனை மாதம் அந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள், பல்லியைச் சொன்னபோது எப்படி இருந்திருக்கும் இந்த முகம், ஒட்டடையைச் சொன்னபோது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் கோமு சோறு போட்டிருக்கிறாள், தலை வாரி விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கோமு பக்கத்தில் வந்தால் வடிவு முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், கோமு பார்த்ததைச் சொல்வதை நிறுத்திவிட்டாள், சேலை மடிக்கும் நான்கு கைகள் மட்டும் பேசிக்கொண்டன, வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது, இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொண்டன.

வருஷம் திரும்பியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து வலது கண்ணில் நடுப்பகுதி இன்னும் உசுரோட இருக்கு என்றார் டாக்டர், ஊசி போட்டார்கள், கட்டுப் போட்ட நாட்களில் கோமுதான் ஊட்டிவிட்டாள், இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு. முதல் வெளிச்சம் வந்த அந்தியை வடிவு யாரிடமும் சொல்லவில்லை, அம்மி தெரிந்தது, அம்மிமேல் கிடந்த கறிவேப்பிலைக் காம்பு தெரிந்தது, அடுப்படியில் குனிந்திருந்த கோமுவின் வகிடு தெரிந்தது, வகிட்டில் நரை, என் தங்கச்சிக்கு நரைச்சிட்டா, பார்ப்பது கோமுவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேயிருந்தாள், இதுவும் ஒரு கஞ்சத்தனம்தான், ஆனாலும் கொஞ்ச நாள் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றியது.

இப்போது கூடத்தின் வாசலில் வெறுங்காலோடு நிற்பவள் வடிவு, பெஞ்சில் இருப்பவள் கோமு. அம்புக்குறிகள் கறுப்பாக நெளிந்து போகின்றன, கட்டை, பந்து, படி, எல்லாம் சாம்பல் பூசினாற்போல, நடந்தாள், எதிலும் படவில்லை. டாக்டர் விளக்கை இன்னும் குறைத்தார், நடந்தாள், அதற்கும் கீழே குறைத்தார், நிலா இல்லாத இரவில் வாசலில் நிற்பது போல, அதிலும் தட்டுத் தடுமாறிக் கடைசித் திருப்பம்வரை வந்துவிட்டாள், டாக்டர் ரெஜினா கைதட்டினார், தங்கச்சியால இந்த வெளிச்சத்துல முடியலம்மா, உங்களுக்கு எப்படின்னு எங்களுக்கே புரியல, வயசுல பெரியவங்க, லேட்டாப் போட்டது, சொல்லிக்கொண்டே எதையோ குறித்துக்கொள்ள உள்ளே ஓடினார்.

வடிவு திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். கைநீட்டினால் தொடும் தூரத்தில் கோமுவின் முகம் இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது, நல்லா நடந்தக்கா என்றும் சொன்னது, ஆனால் கன்னம் அதோடு சேரவில்லை, கண்ணுக்குக் கீழே ஏதோ இழுத்துப் பிடித்தாற்போல இருந்தது, வடிவு வாழ்நாளில் அதை வெளியிலிருந்து பார்த்ததில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது, உள்ளேயிருந்து ஒவ்வொரு மூலையும் அவளுக்குப் பழக்கமான இடம் அது. பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, ஒரு நொடி பார்க்கவும் செய்தாள். பிறகு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள், பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம், முந்தானையால் முகம் துடைக்கும் சத்தம், துடைக்கட்டும், ஆற அமரத் துடைக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னக்கா, செவுத்தப் பாத்துட்டு நிக்க என்று கோமு கேட்டாள்.

ஒண்ணுமில்லட்டி, கண்ணு கூசுது என்றாள் வடிவு, அந்த இருட்டில்.