வேலியில் வெட்டிய வழி

நகரத்துக்குப் போகிற ஆறு வழிச்சாலை வந்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. வீடுகள் ஒரு பக்கம், வயலும் கிணறும் மறுபக்கம். முன்பெல்லாம் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வயலில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து "என்ன?" என்பார். இப்போது தொண்டை கிழியக் கத்தினாலும் லாரிச் சத்தம்தான் பதில் சொல்லும். சாலையின் நடுத்திட்டில் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. கடக்க வேண்டுமென்றால் வெகுதூரம் நடந்து, சாலைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் நுழைந்து, மறுபடி அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஒரு மழை பெய்தால் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மேம்பாலம் வரும் என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அவரும் மாற்றலாகிப் போனார்.

அந்த ஊரில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் இருந்தார்கள். ஊர் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டது. சாலைக்கு அப்பால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்ந்தாற்போல் கீரைப் பாத்திகள். அறுத்த கீரையை அடுக்குமாடிகளின் வாசலில் இருவருமாக விற்று வருவார்கள். அந்த அடுக்குமாடிகள் முதலில் தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிந்தவை. இப்போது மேல் மாடியில் துணி உலர்த்துகிறவளின் முகம் தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டன.

பெரியவளுக்கு வாய் நீளம். மனதில் ஒன்றும் தங்காது. சின்னவள் அழுத்தக்காரி. திட்டினால் பதில் பேசாமல் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனாலும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குச் சாப்பாடு இறங்காது.

வேலியை வெட்ட வைத்தது பெரியவள்தான். சுரங்கப்பாதையில் தண்ணீர் வடியாமல், அறுப்புக்கு நின்ற கீரை முற்றிப் போன ஒரு மழைக்காலத்தில், கணவனின் ஒன்றுவிட்ட தம்பியான வெல்டரிடம் போய் நின்றாள்.

"அண்ணி, அது அரசாங்க வேலி. பிடிச்சா உள்ள தள்ளிடுவாங்க."

"உள்ள போனா வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும். நீ வெட்டு, நான் போய் இருந்துக்கறேன்."

பட்டப்பகலில் வெல்டர் மெஷினோடு வந்தான். பெரியவள் இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றாள். ஓர் ஆள் தலைச்சுமையோடு நுழைகிற அளவுக்குக் கம்பிகள் போயின. ஊரே அந்த வழியாகப் போக ஆரம்பித்தது. "பெரியவ மட்டும் இல்லேன்னா நாம கதி கெட்டுப் போயிருப்போம்" என்று பால்காரர் போகிற இடமெல்லாம் சொன்னார். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலையில் லேசான தூறல். பாத்தியில் பெரியவள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேரோட பிடுங்காதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? உன் கை கையா, மண்வெட்டியா?"

பக்கத்து வயல்காரிகள் சிரித்தார்கள். சின்னவள் தன் கீரைக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய், நில்லுடி! நானும் வர்றேன்!"

நிற்கவில்லை. போகட்டும், கோபம் தணிந்தால் அடுக்குமாடி வாசலில் காத்திருப்பாள் என்று நினைத்துப் பெரியவள் தன் கட்டைக் கட்டி முடித்தாள். சாலையோரம் வந்தபோது சின்னவள் வேலிக்குப் பாதி தூரத்தில் இருந்தாள். வெட்டிய வழியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒரு லாரி கடந்தது. அதன் மறைவிலிருந்து ஒரு வேன் வந்தது. பிரேக் சத்தம் கேட்கவேயில்லை. டம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வேன் நிற்காமல் போய்விட்டது. பின்னால் வந்த வண்டிகள் கீரையின் மேல் ஏறிப் போயின. பெரியவள் கைகளை விரித்துக்கொண்டு சாலையின் நடுவில் ஓடி நின்ற பிறகுதான் முதல் வண்டி நின்றது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து, வேலியை வெட்டியது யார் என்று கேட்டது. "தெரியாதுங்க" என்றார் பால்காரர். "தெரியாதுங்க" என்றது ஊர். கடைசியில் சின்னவளின் கணவனைக் கேட்டார்கள். அழுது வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "ரொம்ப நாளா அப்படித்தாங்க கிடக்குது."

அவன் திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை அவளைப் படுக்கையில் போட்டது.

எழுந்ததும் முள்ளை வெட்டி வந்து வேலியின் வழியை அடைத்தாள். மறுநாள் முள் ஓரமாகக் கிடந்தது. கட்டுக்கம்பி போட்டு முறுக்கினாள். அதையும் யாரோ பிரித்தார்கள். வெல்டரிடம் போனாள்.

"அந்தக் கம்பியைத் திரும்பப் பத்த வச்சுடு தம்பி."

"வெட்டினதுக்கு ஊரே வாழ்த்திச்சு அண்ணி. ஒட்ட வச்சா என் பட்டறையை அடிச்சு நொறுக்கிடும்."

அன்று அந்த வழியின் குறுக்கே அவளே உட்கார்ந்துகொண்டாள். புல் அறுக்கக் கிளம்பிய பால்காரர் எதிரே வந்து நின்றார்.

"எந்திரிம்மா. சுத்திப் போயிட்டு வர்றதுக்குள்ள என் மாடு என்னை வித்துட்டுப் போயிடும்."

"அவ செத்தது போதாதாண்ணே?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பயமில்லேன்னா நினைக்கறே? தினமும் குலை நடுங்கித்தான் தாண்டறேன். தாண்டலேன்னா அடுப்பு எரியாதே."

பேசிக்கொண்டே அவளைச் சுற்றிக் காலை எடுத்து வைத்து அவர் போய்விட்டார். அவர் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தியும் போனாள்.

அதைப் பார்த்த பிறகு பெரியவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனாள். எஞ்சினியர் கைப்பேசியைக் கீழே வைக்கும்வரை நின்றாள்.

"வேலியை வெட்டச் சொன்னது நான்தாங்க. என் ஓரகத்தி அதுலதான் செத்தா. என்னைப் பிடிச்சுக் கொடுத்தாலும் சரி, அந்த வழியை அடைச்சுடுங்க. ஆனா முதல்ல பாலம் போடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "பாலம் என் கையில இல்லம்மா. அடைக்கிறதுதான் என் கையில இருக்கு."

அந்த வாரமே அடைத்தார்கள். ஊர் எல்லை முழுக்க, கம்பிக்குப் பதில் கான்கிரீட் சுவர். பூனைகூட ஏற முடியாது. யார் சொல்லி வந்தது என்பது அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. போலீஸிடம் அவளைக் காட்டிக் கொடுக்காத ஊர், இப்போது அவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்தியது. பால்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சுற்றிப் போய்ப் பயிர் பார்க்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக மனை போட்டு விற்கிறவர்களுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். யாரும் சாலையில் சாகவில்லை, அது உண்மை. அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் ஊரில் ஆளில்லை.

கொழுந்தன், சின்னவளின் கணவன், ஒருநாள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"என் பங்கைக் கொடுத்துட்டேன் அண்ணி. பெட்ரோல் பங்க் வருதாம்."

"கிணறு உன் பங்குலதானே இருக்கு?"

"ஆமா."

"எங்க பாத்திக்குத் தண்ணி?"

"அவ போனப்ப உங்களைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரலே. நீங்க வழியை அடைக்கப் போனப்ப, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு உங்களுக்குத் தோணலே, இல்லையா அண்ணி?"

அவன் போன பிறகும் பெரியவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

கொஞ்ச நாள் கழித்து, சுரங்கப்பாதையின் முழங்கால் தண்ணீரைத் தாண்டி அவள் வயலுக்குப் போனபோது கிணற்றுக்குள் ஒரு டிப்பர் லாரி மண் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் இன்னும் கிடந்தது. மண் விழ விழச் சேறாகத் தெறித்தது.

"ஓரமா நில்லுங்கம்மா, சரியுது" என்று ஓட்டுநர் கத்தினான்.

ஓரமாக நின்றாள். லாரி காலியாகித் திரும்பிப் போனது. அடுத்தது வரிசையில் வந்து நின்றது. அவள் பாத்தியில் இறங்கிக் குனிந்து, ஈரம் இருக்கிறவரைக்கும் கீரையை அறுக்க ஆரம்பித்தாள்.