அடிக்காத மணி

இரண்டு அழைப்புப் பதிவுகளையும் திரையில் அருகருகே வைத்தபோதுதான் உமாமகேஸ்வரி அந்த ஓர் அழைப்பைக் கவனித்தாள்.

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையின் தொலைபேசிகள் அவள் பொறுப்பு. இணையம் வழியே போகும் அழைப்பில், மனிதர்கள் பேசுமுன் கருவிகள் பேசிக்கொள்ள வேண்டும்: கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பட்டறையின் பழைய மொழி ஹெச்.323, புதியது சிப். எதை வைத்துக்கொள்வது என்று அவள் அறிக்கை எழுத வேண்டும். சிப் எளிது, கண்ணாலேயே வாசித்துவிடலாம். பழையதைப் பிரித்துப் படிக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மார்ச் மாத அழைப்புகளை எடுத்திருந்தாள்.

மார்ச் பதினொன்று, பிற்பகல் இரண்டேகால். கப்பல்துறைச் சுவர்த் தொலைபேசியிலிருந்து பாதுகாப்பு அறைக்கு ஓர் அழைப்பு. வெல்டர் கோவிந்தசாமி இறந்த நாள் அது. கப்பலின் தொட்டிக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்த தொழிலாளியைத் தூக்கிவிட இறங்கினார். அவன் பிழைத்தான், இவர் ஏறி வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் விதியை மீறி இறங்கியவர் என்று விசாரணை முடிந்திருந்தது. அன்று மணியே அடிக்கவில்லை என்று பாதுகாப்பு அறையிலிருந்த இருவரும் சாட்சி சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கூப்பிட்டவரின் பழைய பக்கத்துப் பதிவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அறையின் புதிய பக்கத்தில் அந்த அழைப்பு வந்து சேரவே இல்லை. பாதுகாப்பு அறையை மட்டும் சோதனைக்காக அந்த வாரம் சிப்புக்கு மாற்றியவள் உமாதான். நடுவே மொழி மாற்றும் பெட்டியை அமைத்தவளும் அவளே. கூப்பிடுகிறவர் காதில் மௌனம் விழக்கூடாதென்று, மறுமுனை பதில் தருமுன்பே மணியோசை கேட்கும்படி வைத்திருந்தாள். அந்த ஓசையை நம்பித்தான் கோவிந்தசாமி காத்து நின்றிருக்கிறார்; யாரும் எடுக்காததால் தானே இறங்கியிருக்கிறார்.

அதன்பிறகு அவளால் எந்தத் தொலைபேசியையும் காதில் வைக்க முடியவில்லை. பிடோக் வீட்டிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால், எடுக்கும்வரை ஒலிக்கும் ஓசைக்குள் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினாள். மேலாளர் ரகுபதி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டுல எது பெட்டர்னுதானே லா கேட்டோம்? கேஸ் குளோஸ் ஆயிடுச்சு. உன் பேருதான் கெடும்."

"அவர் பேரு கெட்டுக் கெடக்கே சார்."

விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அன்று மாலையே தேக்காவுக்குப் போனாள். கோவிந்தசாமியின் அக்கா மங்களம் அங்கே ஒரு தையல்கடையில் ரவிக்கை தைப்பவர். உமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியை அமைத்தது யார் என்பதையும். வைவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். மங்களம் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து விடுவித்தார்.

"அப்ப அவன் போன் பண்ணியிருக்கான்."

"ஆமாக்கா."

"எவ்ளோ நேரம் அடிச்சுது அவனுக்கு?"

"ஐம்பத்திநாலு செகண்ட்."

மங்களம் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஒரு பெண் ரவிக்கைப் பையை நீட்டி ஏதோ கேட்டாள். பொறு என்று ஒரு கையை உயர்த்தியவர் விநாடி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உமாவும் பார்த்தாள். முள் மூன்றைத் தாண்டி, ஆறை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.