வீட்டார் ஏறினால் கத்தும் கார்

அந்தக் கார் மூன்று பட்டறை பார்த்துவிட்டது. மூன்றிலும் வாயே திறக்கவில்லை. வீட்டார் ஏறினால் கத்தியது. ரிவர்ஸ் போட வேண்டியதுதான், பின்னால் சுவரும் இல்லை, ஆளும் இல்லை, கீ கீ என்று ஒரே கூப்பாடு.

நான்காவதாக, கார் எலெக்ட்ரீஷியனான அவளுடைய பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர், அவள் கட்டிக்கொள்ள நினைத்த நெட்டையனின் அப்பா. பின் சீட்டில் அம்மாவும் நெட்டையனும். கார் ஒரு சாக்குதான். அவளுக்கும் நெட்டையனுக்கும் கல்யாணமா இல்லையா என்பது அன்று முடிவாக வேண்டும். கார் எலெக்ட்ரீஷியன் மருமகளா என்று அப்பா ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். முதலில் வண்டியைப் பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்பது அவர் கட்டளை.

ரிவர்ஸிலேயே உள்ளே விட்டார். கத்தியது. மூவரும் இறங்க, அவள் ஏறி ரிவர்ஸ் போட்டாள். கப்சிப்.

“மெக்கானிக்கைக் கண்டா நடிக்குதும்மா இது,” என்றார் அப்பா.

பின் பம்பரில் வரிசையாக நான்கு சென்சார்கள், சட்டைப் பொத்தான் அளவில்; பின்னால் எது இருந்தாலும் கத்தவைப்பவை. உயிரோடு இருக்கும் சென்சார் டிக்டிக் என்று மெல்லத் துடிக்கும். அவள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டாள். நான்கும் துடித்தன. காருக்குக் காய்ச்சலா என்று அம்மா மகனைக் கேட்டாள். நெட்டையன் சிரிப்பை விழுங்கித் தும்மினான். அந்தச் சிரிப்பு அவளுக்கும் தொற்றியது. பம்பரில் காதை வைத்தபடியே தோள் குலுங்கினாள்.

பிறகு மூவரையும் ஏறி உட்காரச் சொன்னாள். கத்தியது. அம்மாவை மட்டும் இறக்கினாள். நின்றது. ஏற்றினாள். கத்தியது. நான் என்ன அவ்வளவு கனமா என்று அம்மா கேட்டாள். அப்பா அவசரமாகக் கண்ணாடியைத் திருப்பினார். அவள் ஓடிப்போய் இரண்டு பழைய பேட்டரிகளைத் தூக்கி வந்தாள். அம்மாவை இறக்கிவிட்டு, அவற்றை டிக்கியில் வைத்தாள். அதற்கும் கத்தியது.

“உங்களால இல்லம்மா. பாரம் ஏறினா வண்டி பின்னாடி தாழுது. ஒரு சென்சார் தரையைப் பாத்துட்டு கத்துது.”

அம்மாவுக்கு அப்போதே பாதி சம்மதம்.

சரியாக மாட்டிய சென்சார் தரையைப் பார்க்காது. பம்பரைக் கழற்றினாள். மூன்றாவது சென்சார் தலைகீழாக இருந்தது. மேல்பக்கம் என்று காட்ட வேண்டிய அம்புக்குறி தரையைக் காட்டியது. திருப்பி மாட்டினாள். பம்பரை இப்போதைக்கு நாலு ஸ்க்ரூவில் நிறுத்தினாள். மூவரும் ஏறினார்கள். ரிவர்ஸ். சத்தமே இல்லை. பின்னால் ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்தாள். ஒழுங்காகக் கத்தியது. ஸ்டூலை எடுத்தாள். அடங்கியது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டாள். பம்பரைக் கழற்றி பெயின்ட் அடித்தவர்கள்தான் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சிருக்கு சார். உள் ஓரத்துல ரெண்டு கலர் தெரியுது.”

“ரெண்டா? நான் ஒரு தடவைதானே…” என்ற அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

“நீங்க எப்ப இடிச்சீங்க?”

கேட்டில் லேசாக உரசியதாக ஒப்புக்கொண்டார். அது கிடக்கட்டும், அந்த இன்னொன்று யாருடையது என்றார். அம்மா இறங்கிப்போய், சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை ஒரு வரி விடாமல் படிக்கத் தொடங்கினாள். இந்த முறை நெட்டையனால் தும்ம முடியவில்லை. சீட்டிலேயே சரிந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்கு வந்த சம்பந்தத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். ஒரு வரி குறைத்துப் பேசியிருந்தால் என்ன?

அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவி டயரைப் பார்த்தாள். அம்மாவின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. அவ்வளவுதான், அவரும் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். ஹாரன் அலறியது.

“இவளை வெளிய விட்டு வெச்சா நமக்குத்தாங்க ஆபத்து,” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுறா. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கலாம்.”

அப்பா தலையை நிமிர்த்தினார். கல்யாணத்துக்கு உனக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று அவளைக் கேட்டார்.

“சொல்றேன் மாமா,” என்றாள். “முதல்ல பம்பரை முழுசா மாட்டிக்கிறேன்.”