பஞ்சு டாக்டரை விற்ற கணக்கு

1

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு விலை எட்டாயிரம் ரூபாய். நான் பத்து கேட்டேன், பதிப்பாளர் ஆறு என்றார், எட்டில் கைகுலுக்கினோம். கதையில் மட்டும் வாழும் ஆள்தானே, நல்ல விலை என்றுகூட நினைத்துக்கொண்டேன். இந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது. (இல்லை. போன வாரம் தொலைபேசி அடித்தபோதுதான். அதற்கு முன் எனக்கு வெட்கம் வரவில்லை.)

2

ஒரு விண்வெளி நாவல் வரிசை. எழுதியவரை எல்லோரும் அக்கா என்போம். ஆறாவது நாவலில் கப்பல் உடைகிறது. எப்போதும் சட்டைப்பையில் பஞ்சோடு திரியும் கப்பல் மருத்துவர், வாசகர் வாயில் பஞ்சு டாக்டர், கதவை வெளியிலிருந்து பூட்டி இருபது பேரைக் காப்பாற்றிவிட்டு இருட்டில் மிதந்து போகிறார்.

ஏழாவது நாவல் வரத் தாமதமானது. வாசகர் கலைந்துவிடாமலிருக்கப் பதிப்பாளர் எங்களைப் போன்ற சின்ன எழுத்தாளர்களிடம், அதே பாத்திரங்களை வைத்துக் கிளைக்கதைகள் வாங்கினார். ஒரே நிபந்தனை: "ஒவ்வொண்ணுலயும் ஒரு ரகசியம் உடையணும்." நான் உடைத்தது இது: காசு வாங்கிக்கொண்டு கப்பலை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவரே டாக்டர்தான், மிதந்து போனது தப்பியோட்டம்.

[ஏன் டாக்டர்? மற்றவர்களையெல்லாம் எனக்கு முன்பே வந்த எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.]

3

அக்கா அழைத்தார்.

"வாசகர் கூட்டத்துக்குப் போனேன்டா. டாக்டர் நல்லவன்னு சொன்னேன். ஒரு பொண்ணு எழுந்து, 'இல்ல மேடம், நீங்க மறந்துட்டீங்க'ங்குது."

"சின்னப் புள்ளைங்கக்கா, விடுங்க..."

"நரைச்சவனும் சேர்ந்து தலையாட்டுறான்! ஏழாவதுல டாக்டர் திரும்பி வர்றான்டா. அதுக்குத்தான் இத்தனை வருஷம் உக்காந்தேன். துரோகி வந்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, மாத்துங்கன்னு பதிப்பாளர் சொல்றார். நீ வித்தது என் சரக்கு. நீயே மீட்டுக் குடு."

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். கெஞ்சினார்.

4

ஆகவே, டாக்டரை மீட்க இன்னொரு கிளைக்கதை.

தொடக்கம் ஒன்று: "காட்டிக்கொடுத்தது டாக்டர் அல்ல, அவரைப் போலவே இருந்த..." சீ.

தொடக்கம் இரண்டு: "காசு வாங்கியது உண்மைதான், ஆனால் நோயாளிகளின் மருந்துக்காக..." இது கதையல்ல, ஜாமீன் மனு.

தொடக்கம் மூன்று: "டாக்டர் காசே வாங்கவில்லை."

இந்த ஒரு வரியை வாசகர் குழுவில் போட்டுப் பார்த்தேன். "எவ்வளவு வாங்கிட்டு வெள்ளையடிக்கிறே? ஆதாரம் எங்கே?" என்று ஒருவர் கேட்டார், நூறு பேர் ஆமோதித்தார்கள்.

பழி சொன்னபோது நானும் ஒரு வரிதான் எழுதினேன். அப்போது ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.

(என் அப்பா ஜவுளி வியாபாரி. பேரத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். ஆனால் சாயம் போகிற துணி என்றால், "தனியா துவைங்க" என்று சொல்லித்தான் மடித்துக் கொடுப்பார். நான் என் துணியை அக்காவின் ஆறு நாவல்களோடு சேர்த்து ஊறவைத்துவிட்டேன்.)

5

இந்தக் கணக்குக்கு முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் டாக்டர் வருகிறார். மற்றதில், அக்கா பதிப்பாளரையே...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா அழைத்தார்.

"விட்டுடுடா. மாத்திட்டேன். டாக்டர் வரல."

"அக்கா, இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

"வேணாம். ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. எழுதறப்போ எனக்கே தோணிடுச்சு... ஒருவேளை காசு வாங்கியிருப்பானோன்னு."

நான் சிரிக்கவில்லை.

கணக்கை எழுதிவிடுகிறேன். வரவு, எட்டாயிரம். அக்காவுக்கு அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். செலவு, ஒரு வரி. பாக்கி, கதவுக்கு வெளியே ஒரு மனிதர். அவரை உள்ளே விடுவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் வார்த்தை இனி செல்லாது.