பச்சை மாறாத ஜூனிப்பர்

கட்டைவிரல் நகத்தால் அடித்தண்டில் மிளகளவுக்குச் சுரண்டிப் பார்த்தாள். உயிருள்ள மரமென்றால் பட்டைக்கு அடியில் ஈரப் பச்சை தெரிய வேண்டும் என்று வீடியோவில் ஒருவன் சொல்லியிருந்தான். தெரிந்தது பழுப்பு. கொஞ்சம் மேலே, கிளை பிரிகிற இடத்தில் சுரண்டினாள். அங்கேயும் பழுப்புதான், சுத்தமாகக் காய்ந்த பழுப்பு. ஆனால் அதே கிளையின் நுனியில் இலையெல்லாம் பச்சைப் பசேலென்று, போன மாதம் இருந்த மாதிரியே இருந்தது. இந்த ஜாதி மரம் செத்தாலும் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் பச்சை மாறாமல் நிற்கும் என்பதையும் அதே ஆள்தான் சொன்னான். அவன் குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

மரம் மாமனாருடையது. அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஏழு வாரமாக மருத்துவமனையில் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஜூனிப்பருக்கு மட்டும் தண்ணி ஊத்தும்மா. வேற எதையும் தொடாதே." முப்பத்தொரு வருடத்து மரம், தட்டில் குட்டையாக வளர்க்கிற போன்சாய். ஒரு முழ உயரம் இருக்காது. அதற்காக அவர் மனைவியோடு சண்டை போட்டிருக்கிறார், மகன் கல்யாணத்தன்று பாதியில் எழுந்து வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஊரையே காகிதத்துக்குள் அடக்கியவருக்கு மரத்தைத் தட்டுக்குள் அடக்குவது பெரிய காரியமில்லை என்று போன்சாய் சங்கத்துக்காரர்கள் புகழ்வார்கள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

அவளுக்கு இந்தப் பொழுதுபோக்கே பிடிக்காது. பால்கனியில் பதினோரு மரங்கள், எல்லாவற்றையும் கம்பி சுற்றி முறுக்கி வைத்திருந்தார். சிலதில் கம்பி பட்டைக்குள் புதைந்து, சதை பிதுங்கின மாதிரி இரண்டு பக்கமும் வீங்கியிருக்கும். "தழும்பு இருந்தாத்தான் வயசான மரம்னு தோணும்" என்று அவர் அதைத் தடவிக் காட்டுவார். ஒரு பக்கத்துப் பட்டையை உரித்து, வெறும் கட்டையை வெள்ளைச் சாயம் பூசி வைத்திருப்பார். மின்னல் விழுந்த அழகாம். மூலையில் உரத்துக்காக மீன் கழிவு ஊறும் வாளி. மூடியைத் திறந்தால் புழு நெளியும். துணி உலர்த்த அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாள். எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அவள் வேலை செய்வதும் ஒரு மருத்துவமனையில்தான், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்து நீராவியில் வேகவைக்கும் அறையில். கத்தரிக்கோலின் இடுக்கில் ஒட்டிய கொழுப்பு, இடுக்கிப் பல்லில் காய்ந்த ரத்தம், எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து விளக்கில் தூக்கிப் பார்ப்பாள். அவள் கை பட்ட கருவித் தட்டு சுத்தமில்லை என்று ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம்தான் இவ்வளவுக்கும் காரணம். மாமனார் மருத்துவமனைக்குப் போன பத்தாம் நாள் ஜூனிப்பருக்கு ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. மரத்தைத் தட்டோடு சாய்த்துப் பார்த்தாள். வேர்ப்பந்து முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது, கெட்டுப்போன ரொட்டியில் படர்கிற மாதிரி. நெடி வேறு. உடம்பு கூசியது. மனுஷன் எட்டு வருடமாக இதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாரா என்று நினைத்தாள். மரத்தை உருவி எடுத்து, குழாயடியில் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு வேராகத் தேய்த்தாள். ஒரு வெள்ளைப் பொட்டு விடவில்லை. கடையிலிருந்து புது மண் வாங்கிவந்து நட்டாள். அன்று அவளுக்கு ஒரு நிம்மதி. மாமனார் வந்து பார்த்து அசந்துபோவார் என்றுகூட நினைத்தாள்.

அந்த வெள்ளைதான் வேருக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது, அதைக் கழுவினால் மரம் பட்டினி கிடந்து சாகும் என்று இப்போதுதான் தெரிகிறது. எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத தப்பு. சுத்தம் சுத்தம் என்று சாகிற ஒருத்திதான் செய்திருக்க முடியும்.

வெள்ளிக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியோடு மூன்று மாடியும் தூக்கிக்கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே வந்ததும் வராததுமாகப் பால்கனிக்குத் தள்ளச் சொன்னார். ஜூனிப்பரைப் பார்த்தார். "மண்ணு மாத்தியிருக்கியே" என்றார். அவள் வாய் திறப்பதற்குள் கணவன் மருந்துப் பையோடு வந்துவிட்டான். அவரும் மேலே எதுவும் கேட்கவில்லை. இரவு முழுக்க அவள் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். எப்படி அடுக்கினாலும் கடைசியில் நான்தான் கொன்றேன் என்றுதான் வந்தது.

மறுநாள் காலை கணவன் வேலைக்குக் கிளம்பியதும் அவர் கூப்பிட்டார். மடியில் மரம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் சுரண்டிய இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"நீ சுரண்டினதா?"

"ஆமா மாமா." கொட்டிவிட்டாள். பூஞ்சை, குழாய், பிரஷ், எல்லாவற்றையும். அழுகை வந்தது, அதோடு அவர் கையால் ஒரு அறை வாங்கினாலும் தேவலை என்றிருந்தது.

அவர் அறையவில்லை. திட்டவும் இல்லை. மரத்தை மடியிலேயே ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"உன் புருஷன்கிட்ட?"

"இல்ல மாமா."

"நல்லதாப் போச்சு" என்றார். பக்கத்துத் தொட்டியிலிருந்து பாசியைக் கிள்ளி, ஈர மண்ணில் குழைத்து, சுரண்டிய இடங்களில் அப்பினார். வரைபடக்காரரின் விரல்கள், நடுக்கமே இல்லை. இரண்டு நிமிடத்தில் அங்கே காயம் இருந்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. "அந்தக் கண்ணாடிக்காரனுக்கு போன் போடு" என்றார்.

கண்ணாடிக்காரர் சங்கத்து ஆள். கடைத்தெருவில் சின்னதாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மரங்கள் மேல் கொள்ளை ஆசை, கைராசிதான் இல்லை. அவர் வாங்குவதெல்லாம் ஆறு மாதத்தில் பட்டுப்போகும். சங்கத்தில் அவருக்கு எமன் என்று பெயர், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இந்த ஜூனிப்பரை மட்டும் பதினைந்து வருடமாக வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். "ஒரு குச்சி கொடுங்கண்ணே, வெச்சு வளர்க்கறேன்" என்று கேட்பார். "உன் கைக்குக் குச்சிகூட பாவம்யா" என்பார் மாமனார்.

விஷயம் அவளுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

"அவருக்கா கொடுக்கப் போறீங்க? செத்துப்போச்சே மாமா."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா என்ன?"

"முப்பத்தோரு வருஷத்துல என் வீட்ல ஒரு மரம் செத்ததில்ல. அவன் வீட்ல செத்தா யாரும் ஏன்னுகூடக் கேக்க மாட்டாங்க."

"பாவம் மாமா அவரு."

"ஒரு வாரம் அழுவான், அப்புறம் சரியாயிடுவான். நான் உன்னையும் சேர்த்துத்தாம்மா காப்பாத்தறேன். நீ கழுவிக் கொன்னேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றவர், எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நம்ம வீட்டு விஷயம். நம்மளோட போகட்டும்."

அந்த 'நம்ம' காதில் விழுந்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடம் இந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தைக்கு அவள் ஏங்கியது உண்மை. அது இப்படியா கிடைக்க வேண்டும்? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கழுவிக் கொன்றேன் என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. போனை எடுத்து எண்ணைத் தேடிக் கொடுத்தாள். கொடுத்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு வந்திருந்தார். மாமனார் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிடம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, விளையாடாதீங்க."

"என்னய்யா விளையாட்டு? இந்தக் காலை வெச்சுக்கிட்டு இனிமே என்னால முடியாது. உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?" மாமனாரின் குரல் தழுதழுத்தது. எங்கிருந்துதான் வரவழைத்தாரோ. "பத்திரமாப் பாத்துக்கோ. அவ்வளவுதான் கேப்பேன்."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். குனிந்து மரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன பச்சைண்ணே! ஆஸ்பத்திரியில நீங்க கிடந்தீங்க, இது ஒரு இலைகூட வாடல பாருங்க" என்றார். டீ கொண்டுவந்த அவள் பக்கம் திரும்பி, "எல்லாம் உன் கைப்பக்குவம்மா. கோயில் கட்டணும் உனக்கு" என்றார். மாமனார் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்தார். உதடு ஓரம் லேசாக இழுபட்டது. கூட்டாளியைப் பார்க்கிற பார்வை. அவளுக்குத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடத் தோன்றியது. டீயை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, அந்தப் பார்வைக்குப் பதிலாகத் தன் முகத்திலும் ஏதோ ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததைச் சமையலறைக்கு வந்த பிறகுதான் உணர்ந்தாள்.

மரத்தைக் கீழே கொண்டுபோக அவளையும் கூட அனுப்பினார் மாமனார். மூன்று மாடிப் படியையும் கண்ணாடிக்காரர் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினார். அவள் கைநீட்டியும் தரவில்லை. வழியெல்லாம் பேச்சு. எந்த ஜன்னலில் வைப்பது என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாராம். மற்ற மரங்களையெல்லாம் வேறு அறைக்கு மாற்றிவிட்டாராம், நோய் கீய் தொற்றிவிடக் கூடாதே. சங்கத்தில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லையாம். ஒரு வருடம் நன்றாக வளர்த்துக் காட்டிவிட்டுத்தான் சொல்வாராம். "என் கையிலயும் ஒண்ணு பொழைக்கும்னு காட்டணும்மா" என்றார். "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்."

அவருடைய பழைய காரில் முன்னிருக்கையைத் துணி விரித்துத் தயாராக வைத்திருந்தார். மரத்தை நிறுத்தி, ஆடாமல் இருக்கத் தொட்டியின் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, மேலே சீட் பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். இறுக்கியது கிளையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக் கொஞ்சம் தளர்த்தினார்.

"தண்ணி எவ்வளவும்மா? நீ ஊத்தின கணக்கையே வெச்சுக்கறேன்."

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றாள். "காலையில."

சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது. கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, காரின் கூரைமேல் வைத்து, 'ஒருநாள் விட்டு ஒருநாள், காலை' என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு ஒருதரம் வாசித்துப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவள் பக்கத்துக் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

"மூடிடும்மா."

அவள் மூடவில்லை. மேலே பால்கனியிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "விடும்மா, அவனுக்கு நேரமாகுது!"

கண்ணாடிக்காரர் அவள் ஏதோ மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, பொறுமையாக, புன்னகை மாறாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் அதிர்வில் பெல்ட்டுக்குள் பச்சை இலைகள் லேசாக நடுங்கின. அவள் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.