கை தட்டினால்தான் சோறு

திருவொற்றியூரில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில், வெளியாள் யாராவது சாப்பாடு போட்டால் ஒரு சட்டம். தட்டில் பரிமாறிவிடுவார்கள். ஆனால் போடுகிற மகராசன் வந்து கேக் வெட்டி, கிழடுகள் கை தட்டி, போட்டோ எடுத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். அன்றைக்கும் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பிறந்தநாள்காரர் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டியிருந்தார்.

டோரதிக்குப் பசி பழக்கம்தான். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவள். வெயில் ஏறின பிறகுதான் டீயே குடிப்பாள். அவள் கண் பக்கத்து நாற்காலி லூர்துவின் மேல் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கின உடம்பு, சர்க்கரை நோயில் ஒடுங்கிக் கிடந்தது. தட்டு வந்துவிட்டதே என்று நர்ஸ் அவருக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போட்டால் உடனே சாப்பிட வேண்டும். லூர்துவின் நெற்றியில் வியர்வை கொட்டியது, கை உதறியது.

"லூர்தண்ணே, இன்னா பண்ணுது?"

"ஃபேனு சுத்துதா, நான் சுத்துறனான்னே தெர்ல."

டோரதி மேனேஜரைக் கூப்பிட்டாள். "ஜெயவேலு! ஊசி போட்ட ஆளு நைனா. துன்னச் சொல்லு."

"அஞ்சே நிமிசம் பாட்டிம்மா. தட்டு கலைஞ்சா போட்டோ நல்லா இருக்காது."

"தட்டு வெச்சதுலேர்ந்து அதான் சொல்ற. உன் அஞ்சு நிமிசமும் லாரிக்கு நடுவுல மாட்டிகிச்சா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெயவேலின் முகம் கடுத்தது. "ரொம்பப் பேசுனா உங்க புள்ளைக்குப் போன் போட்டு, கூட்டினு போகச் சொல்லிடுவேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அங்கே எல்லோரும் அடங்குவார்கள். மகன் வீட்டில் டோரதிக்குப் பாய் விரிக்க இடம் கிடையாது. அதனாலேயே எவனெவன் கல்யாண நாளுக்கோ அவளும் பல்லைக் காட்டிக் கை தட்டியிருக்கிறாள்.

லூர்துவின் தலை சரியத் தொடங்கியது.

டோரதி அவர் தட்டிலிருந்த பிரெட் அல்வாவைப் பிய்த்தாள். "வாயத் தொற. மெல்ல முழுங்கு." இரண்டாவது வாய்க்கு அவரே கையை நீட்டினார். அப்புறம் அவள் தன் தட்டின் முன் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பிரியாணியில் கையை வைத்தாள். ஏலக் குரலை எடுத்தாள்.

"துன்னுங்க எல்லாரும்! நம்ம தட்டு, நம்ம வாயி!"

முதலில் எதிர் நாற்காலிப் பட்டம்மாள் கையை வைத்தாள். பிறகு வரிசை முழுக்க.

ஜெயவேல் போனை எடுத்தான்.

"போடு. ஊசி போட்ட ஆளப் பட்டினியா குந்த வெச்சதயும் சேத்துச் சொல்லு."

அவன் விரல் நின்றது.

பிறந்தநாள்காரரும் மனைவியும் கேக் பெட்டியோடு வந்தபோது தட்டுகள் பாதி காலி. "எல்லாரும் கை தட்டுங்க!" என்றான் ஜெயவேல். ஒரு கையும் எழவில்லை. எல்லாக் கையும் சோற்றில் இருந்தது. வந்தவர் போனை உயர்த்தினார்.

"அந்தப் போன உள்ள வை நைனா. உன் வூட்டுக்கு வந்து நீ துன்றத நான் படம் புடிச்சா சும்மா வுடுவியா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லாரில மாட்டிப் பசியோட வந்துகீறாங்க," என்றாள் டோரதி. "ஜெயவேலு, போனயே இன்னா பாத்துகினு கீற? ரெண்டு தட்டு கொண்டா."